மணலில் முளைக்கும் மீன்: தோட்ட விலாங்கும் பழகிப்போதலும்

2020ஆம் ஆண்டில், டோக்கியோவில் உள்ள சுமிதா மீன் காட்சியகம் பொதுமக்களிடம் ஒரு வேண்டுகோள் வைத்தது. உங்கள் கைபேசியிலிருந்து எங்கள் மீன்களுக்கு வீடியோ கால் செய்து, உங்கள் முகத்தைக் காட்டுங்கள் என்பதுதான் அது.

கொரோனா காரணமாக அந்தக் காட்சியகம் மார்ச் 1 முதல் மூடிக் கிடந்தது. அங்கே ஒரு தொட்டியில் சுமார் 300 தோட்ட விலாங்குகள் இருந்தன. மணலில் குழி தோண்டி, உடம்பில் பாதியை மண்ணுக்குள் வைத்துக்கொண்டு, மீதியை நீரில் நிமிர்த்தி ஆடிக்கொண்டிருக்கும் மீன்கள் அவை. நாள் முழுக்கப் பார்வையாளர்கள் கண்ணாடி முன்னால் வந்து போய்க்கொண்டிருந்த காலத்தில், அவை ஆட்களைச் சட்டை செய்யாமல் தம் பாட்டுக்கு இரை தேடின. காட்சியகம் மூடி இரண்டு மாதம் ஆனதும் நிலைமை மாறிவிட்டது. ஊழியர் ஒருவர் தொட்டியைக் கடந்து நடந்தாலே மொத்தமும் மணலுக்குள் மறைந்தன. எந்த மீனுக்கு உடம்பு சரியில்லை, எது இளைத்திருக்கிறது என்று பார்க்கக்கூட முடியவில்லை. அதனால் மே 3 முதல் 5 வரை தொட்டிக்கு எதிரே 5 டேப்லெட்டுகளை வைத்து, மக்களை அழைக்கச் சொன்னார்கள். கையசைக்கலாம், பேசலாம். ஆனால் இவை கூச்ச சுபாவம் உள்ளவை, சத்தமாகக் கூப்பிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார்கள்.

இந்தச் செய்தி உலகம் முழுவதும் பரவியது. மீன்கள் மனிதர்களைப் பிரிந்து ஏங்குகின்றன என்று நினைத்து உருகியவர்கள் நிறையப் பேர். காட்சியகம் சொன்னது அது இல்லை. விலாங்குகள் மனிதர்களை மறந்துகொண்டிருக்கின்றன என்றுதான் சொன்னார்கள். அந்த ‘மறத்தல்’ என்ற சொல் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது, ஏனென்றால் நடந்தது உண்மையிலேயே ஒரு மறதிதான். உயிரியலில் அதற்கு ஒரு தெளிவான விளக்கம் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள, முதலில் இந்த மீன் எப்படி வாழ்கிறது என்று பார்க்க வேண்டும்.

தோட்டம் என்ற பெயர் எப்படி வந்தது

விலாங்கு என்றால் நமக்கு ஆற்றிலும் குளத்திலும் கிடைக்கும் வழவழப்பான மீன் நினைவுக்கு வரும். கடலோரத்துக்காரர்களுக்கு அஞ்சாலை தெரியும், பாறை இடுக்கில் வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கும் முரட்டு விலாங்கு. தோட்ட விலாங்கு இந்த இரண்டுக்கும் உறவுக்காரன்தான், ஆனால் சாயலே வேறு. நம் கைவிரலைவிட ஒல்லி. பவளப்பாறைகளுக்குப் பக்கத்தில், நீரோட்டம் ஓடும் வெறும் மணல்வெளியில், பெரும்பாலும் 15 மீட்டருக்குக் கீழே கூட்டம் கூட்டமாகக் குடியிருக்கும். நூற்றுக்கணக்கில், சில இடங்களில் ஆயிரக்கணக்கில். தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ மணலில் விதை தூவி, அது முளைத்து, காற்றில் அசைவது போலத் தோன்றும். முளைப்பாரிச் சட்டியில் வெளிச்சம் வரும் பக்கம் சாய்ந்து நிற்கும் முளைகளைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி சட்டென்று பிடிபடும். இங்கே வெளிச்சத்துக்குப் பதில் நீரோட்டம். எல்லாத் தலையும் நீர் வரும் திசையைத்தான் பார்த்திருக்கும்.

இதில் முப்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. இரண்டு பேரினங்களாகப் பிரித்திருக்கிறார்கள்: ஹெட்டெரோகாங்கர், கோர்கேசியா. காட்சியகங்களில் அதிகம் பார்க்கக் கிடைப்பது புள்ளித் தோட்ட விலாங்கு. வெள்ளை உடம்பில் பொடிப்பொடியாகக் கரும்புள்ளிகள், சுமார் 40 செ.மீ. நீளம். அதோடு சேர்த்து வைப்பது ஆரஞ்சும் வெள்ளையும் பட்டை பட்டையாக மாறி மாறி வரும் இன்னோர் இனம், பார்க்க மிட்டாய்க் குச்சி மாதிரி இருக்கும். ஒரு மீட்டருக்கு மேல் வளரும் இனங்களும் உண்டு.

புள்ளித் தோட்ட விலாங்குக்கு அறிவியல் உலகில் பெயர் வந்த கதையில் நமக்கு அருகே உள்ள கடலும் வருகிறது. 1957–58இல் ஆஸ்திரியக் கடல்மூழ்கி ஹான்ஸ் ஹாஸ், ‘சாரிஃபா’ என்ற பாய்மரக் கப்பலில் மாலத்தீவுக்கும் நிக்கோபார் தீவுகளுக்கும் ஒரு ஆய்வுப் பயணம் போனார். அந்தப் பயணத்தில் கண்ட தோட்ட விலாங்குகளை 1959இல் விலங்கியலாளர்கள் வுல்ஃப்காங் கிளாவ்செவிட்ஸும் ஐரீனஸ் ஐபிள்-ஐபெஸ்ஃபெல்ட்டும் விவரித்து எழுதினார்கள். இனப்பெயரில் ஹாஸின் பெயரையும், பேரினப் பெயரில் கப்பலின் பெயரையும் வைத்தார்கள். பேரினப் பெயர் பிறகு மாறிவிட்டது. ‘ஹாஸி’ என்ற பகுதி இன்றும் நிலைத்திருக்கிறது. ஜெர்மானியர்கள் இதைக் குழல் விலாங்கு என்கிறார்கள். ஜப்பானியர்கள் சொல்வது ‘சின் அனகோ’. அனகோ என்பது கடல் விலாங்கு, அந்தச் சொல்லை எழுதும் எழுத்துகளுக்குத் துளை, குழந்தை என்று பொருள். சின் என்பது அவர்கள் நாட்டு ஒரு சிறிய நாயினம். சப்பை மூக்கும் பெரிய கண்ணுமாக இருக்கும் அந்த நாயின் முகச்சாயல் இந்த மீனிடம் இருப்பதால் அந்தப் பெயர். முகத்தைக் கிட்டத்தில் பார்த்தால் பெயர் வைத்தவரின் கண்ணைப் பாராட்டத் தோன்றும்.

வாலால் தோண்டும் வீடு

தமிழில் ஒரு பழமொழி இருக்கிறது: பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுமாம் விலாங்கு. தோட்ட விலாங்கு யாருக்கும் வாலைக் காட்டாது. வால்தான் அதன் கடப்பாரை.

பெரும்பாலான மீன்களுக்கு வால் நுனியில் விசிறி போலத் துடுப்பு இருக்கும். தோட்ட விலாங்குக்கு அந்தத் துடுப்பு குறுகிப்போய், வால் நுனி கூர்மையாகவும் விறைப்பாகவும் இருக்கும். சதை வலுவானது. குழி தோண்டும்போது மீன் செங்குத்தாக நின்று, வால் நுனியை மணலில் ஊன்றி, உடம்பை நெளித்து நெளித்துக் கீழே இறங்கும். முதுகுத் துடுப்பு அசைந்து மணலை ஒதுக்கிக் கொடுக்கும். நாம் கடற்கரையில் குழி தோண்டிப் பார்த்திருக்கிறோம், தோண்டத் தோண்டப் பக்கத்து மணல் சரிந்து மூடும். கடலுக்கடியில் அந்தத் தொல்லை இன்னும் அதிகம். அதற்கும் இந்த மீனிடம் வழி உண்டு. அதன் தோலிலிருந்து பிசுபிசுப்பான ஒரு திரவம் சுரக்கிறது. அது மணல் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்து, குழியின் சுவரைப் பூசிவிட்டது போல உறுதியாக்குகிறது. கிணற்றுக்கு உறை இறக்குவது போல என்று நினைத்துக்கொள்ளலாம். அதன்பிறகு மீன் எத்தனை தடவை உள்ளே போனாலும் வெளியே வந்தாலும் குழி சரியாது.

ஒரு குழிக்கு ஒரு மீன். அதை விட்டு அது வெளியே நீந்தி வருவது மிக அபூர்வம். சாப்பாடு, சண்டை, துணை தேடல் எல்லாமே வாலை மண்ணுக்குள் வைத்துக்கொண்டுதான். இரவில் உள்ளே போய்விடும். கண்ணால் பார்த்து இரை பிடிக்கும் மீன் என்பதால் அதற்குப் பகல்தான் வேலை நேரம்.

இனப்பெருக்கமும் இப்படித்தான். ஆணும் பெண்ணும் பக்கத்துப் பக்கத்துக் குழிகளில் இருக்கும். காலம் வந்தால் குழியை இன்னும் நெருக்கமாக மாற்றிக்கொள்ளும். பிறகு வாலை அவரவர் வீட்டிலேயே வைத்துக்கொண்டு, மேல் உடம்பைப் பின்னிக்கொள்ளும். கருவுற்ற முட்டைகள் நீரில் மிதந்து போய்விடும். அவற்றிலிருந்து வரும் குஞ்சுக்குத் தாய் தகப்பன் சாயல் கொஞ்சமும் இருக்காது. கண்ணாடி போல ஒளி ஊடுருவும், இலை வடிவத்தில் தட்டையாக இருக்கும். எல்லா விலாங்குகளின் குஞ்சுப் பருவமும் இதுதான். கடல் இழுத்த இழுப்புக்குப் போய், வளர்ந்து, ஒருநாள் ஏதோ ஒரு மணல்வெளியில் இறங்கித் தன் முதல் குழியைத் தோண்டும். அலைந்து திரியும் காலம் அதோடு முடிகிறது.

எவ்வளவு வெளியே வருவது?

கண்ணாடிக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரே ஒரு மீனை மட்டும் ஐந்து நிமிடம் பாருங்கள். உடம்பு கைத்தடி மாதிரி நின்று, தலைப்பக்கம் மட்டும் வளைந்து நீரோட்டத்தை எதிர்கொண்டிருக்கும். மூக்கு குட்டை, வாய் சற்று மேல்நோக்கி இருக்கும், கண் தலைக்கு மீறிய பெரிது. நீரில் தூசி போல ஏதோ மிதந்து வரும். முதலில் கண் அசையும். பிறகு கழுத்து கொஞ்சம் பின்னுக்கு இழுபடும். அடுத்த கணம் தலை முன்னே போய் ஒரு கொத்து, அவ்வளவுதான், மறுபடி பழைய நிலை. அந்தத் தூசி என்று நாம் நினைத்தது ஒரு மிதவை உயிரி, பெரும்பாலும் இறாலுக்குத் தூரத்து உறவான, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத கோப்பிபாடு. சில சமயம் வாயில் வாங்கியதைத் துப்பவும் செய்யும். இப்படி நாளெல்லாம் ஒவ்வொன்றாகப் பொறுக்கித்தான் அதற்கு வயிறு நிறைய வேண்டும்.

இப்போது கவனியுங்கள். உடம்பை அதிகம் வெளியே நீட்டினால் அதிக இடத்துக்குத் தலை எட்டும், அதிக இரை கிடைக்கும். ஆனால் எதிரி வந்தால் உள்ளே இழுத்துக்கொள்ள அவ்வளவு நேரம் பிடிக்கும். குறைவாக நீட்டினால் பாதுகாப்பு கூடும், பசியும் கூடும். இந்த மீனின் வாழ்க்கையில் பாதி முடிவுகள் இந்த ஒரு கேள்வியில் அடங்கிவிடுகின்றன: இந்த நொடியில் எத்தனை சென்டிமீட்டர் வெளியே இருப்பது?

நீரோட்டம் இந்தக் கணக்கில் பெரிய பங்கு வகிக்கிறது. நீர் மெதுவாக ஓடினால் இரையும் மெதுவாகத்தான் வரும், மீன் நன்றாக நீண்டு அங்குமிங்கும் போய்ப் பொறுக்க வேண்டும். வேகமாக ஓடினால் இரை தானாகத் தலைக்கு நேரே வரும், ஆனால் உடம்பை நீர் தள்ளும். ஜப்பானில் ஒக்கினாவாவில் உள்ள ஒரு ஆய்வு நிறுவனத்தினர் இதை ஆய்வுக்கூடத்தில் சோதித்து 2022இல் வெளியிட்டார்கள். நீரோட்டத்தின் வேகத்தை மாற்றக்கூடிய தொட்டியில் மணலைப் போட்டுப் புள்ளித் தோட்ட விலாங்குகளைக் குடியேற்றி, கேமராக்களால் அவற்றின் ஒவ்வோர் அசைவையும் முப்பரிமாணத்தில் பதிவு செய்தார்கள். வேகம் கூடக் கூட மீன்கள் உடம்பைக் குறைத்துக்கொண்டன. நிற்கும் வடிவத்தையும் மாற்றின. நிமிர்ந்து நிற்பதை விட்டு நீரோட்டத்துக்கு இசைவாக வளைந்துகொண்டன. இந்த இரண்டாலும் நீரின் இழுவிசை பாதிக்கும் மேல் குறைந்தது. நொடிக்கு 20 செ.மீ. வேகம் வரை சமாளித்து இரை பிடித்தவை, 25 செ.மீ. ஆனதும் ஏறக்குறைய எல்லாமே குழிக்குள் போய்விட்டன.

எதிரியின் பக்கம் பார்த்தால், கிளாத்தி போன்ற மீன்கள் மேலேயிருந்து வந்து கொத்தும். மணலுக்குள்ளேயே ஊர்ந்து வரும் பாம்பு விலாங்குகள் கீழேயிருந்தும் தாக்கும். அதனால் ஒரு நிழல் விழுந்தால் போதும், அருகில் இருப்பவை முழுசாக மறையும், அடுத்து இருப்பவை பாதி இறங்கும், தள்ளி இருப்பவை கொஞ்சம் தாழ்ந்து நின்று பார்க்கும். கூட்டத்தின் ஊடாக ஓர் அலை போவது போல இருக்கும். கடலில் இவற்றைப் படம் எடுக்கப் போகும் மூழ்காளர்களுக்கு இதுதான் சோதனை. மூச்சுக்குமிழிச் சத்தத்தோடு அவர்கள் கிட்டே போகப் போக, காலடியில் தோட்டம் காணாமல் போய்க்கொண்டே இருக்கும், திரும்பிப் பார்த்தால் பின்னால் மறுபடி முளைத்திருக்கும்.

ஆபத்து இல்லாத ஒன்றுக்காக மறைவது மீனுக்கு நஷ்டம். மறைந்திருக்கும் நேரம் முழுக்க இரை தலைக்கு மேலே போய்க்கொண்டிருக்கிறது. எல்லா நிழலுக்கும் பயந்தால் பட்டினி, எந்த நிழலுக்கும் பயப்படாவிட்டால் சாவு. எது வெறும் நிழல், எது கிளாத்தி என்று பிரித்தறிய ஒரு வழி வேண்டும். இங்கேதான் பழகிப்போதல் வருகிறது.

பழகிப்போதல் என்றால் என்ன

தீங்கும் செய்யாத, பயனும் தராத ஒரு விஷயம் திரும்பத் திரும்ப நிகழும்போது, அதற்கு உயிர் காட்டும் எதிர்வினை படிப்படியாகக் குறைவதைப் பழகிப்போதல் என்கிறோம். கற்றலிலேயே மிக எளிமையான வகை இது. பரிசு வேண்டாம், தண்டனை வேண்டாம், ஒன்றை இன்னொன்றோடு தொடர்புபடுத்தவும் வேண்டாம். ‘இது வந்தது, ஒன்றும் ஆகவில்லை’ என்பது போதுமான தடவை நடந்தால் சரி.

சோளக்கொல்லை பொம்மை நல்ல உதாரணம். வைத்த முதல் சில நாள் காக்கை கிட்டே வராது. பிறகு பக்கத்து மரத்தில் உட்காரும். கொஞ்ச நாளில் பொம்மையின் தலையிலேயே உட்கார்ந்து சோளக்கதிரை நோட்டம் பார்க்கும். அதனால்தான் அனுபவமுள்ள விவசாயி பொம்மையை அவ்வப்போது இடம் மாற்றி வைப்பார், சட்டையை மாற்றுவார்.

இங்கே புதிதாகப் படிப்பவர்களுக்கு வழக்கமாக ஒரு சந்தேகம் வரும். திரும்பத் திரும்ப எதிர்வினை காட்டியதில் அந்த உயிர் களைத்துப்போய்விட்டதோ? இல்லை என்பதைக் கோயில் கோபுரத்துப் புறாக்களைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். மாடத்துக்குக் கீழே உச்சிக்கால மணி காது கிழிய அடிக்கும், ஒரு புறாவும் அசையாது. அதே நேரம் திருவிழா வெடி ஒன்று வெடித்தால் மொத்தக் கூட்டமும் வானத்தில் இருக்கும். இறக்கைக்குக் களைப்பு இல்லை, காதும் செவிடாகவில்லை. மணிக்கு மட்டும் பழகியிருக்கின்றன, வெடிக்குப் பழகவில்லை. ஆய்வுக்கூடத்திலும் இதே முறையில்தான் சோதிப்பார்கள்: பழகிப்போன தூண்டலுக்கு நடுவில் வேறு மாதிரியான ஒன்றைக் கொடுத்து, எதிர்வினை திரும்புகிறதா என்று பார்ப்பார்கள். திரும்பினால் அது களைப்பு அல்ல, கற்றல்.

இந்தக் கற்றல் உடம்புக்குள் எங்கே நடக்கிறது என்பதைக் காட்டிக் கொடுத்தது இன்னொரு கடல் உயிரி. கடல் முயல் என்று ஒன்று உண்டு, ஓடில்லாத பெரிய நத்தை போல இருக்கும். அதன் முதுகில் நீர் வெளியேறும் ஒரு குழாய் இருக்கிறது. அதை லேசாகத் தொட்டால் செவுளைச் சட்டென்று உள்ளிழுத்துக்கொள்ளும், தோட்ட விலாங்கு குழிக்குள் போவது போலவே. எரிக் காண்டெல் என்ற அறிவியலாளர் பல ஆண்டுகள் இதை வைத்துத்தான் நினைவாற்றலை ஆராய்ந்தார். 2000ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது. கடல் முயலுக்கு நரம்புச் செல்கள் ஏறக்குறைய 20,000தான், அவையும் பெரியவை, ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு அளக்கலாம். தொடுதலை உணரும் செல்லுக்கும் செவுளை இழுக்கும் செல்லுக்கும் இடையே ரசாயனத் தூது போகிறது. திரும்பத் திரும்பத் தொட்டபோது, உணரும் செல் அந்தத் தூதைக் குறைவாக அனுப்பத் தொடங்கியது. பழகிப்போதல் அங்கே, அந்த ஓர் இணைப்பில் நடந்தது.

காண்டெலின் குழுவினர் கண்ட இன்னொரு விஷயம்தான் நம் கதைக்கு முக்கியம். ஒரே அமர்வில் பத்துத் தடவை தொட்டால், பழக்கம் சிறிது நேரத்தில் கலைந்துவிடும். அதே பயிற்சியை இடைவெளி விட்டுச் சில நாட்கள் செய்தால் வாரக்கணக்கில் நிற்கும், நரம்பு முனைகளின் இணைப்புகளே குறைந்துபோகும் அளவுக்கு. ஆனால் எவ்வளவு ஆழமாகப் பதிந்தாலும், தூண்டல் நின்று போதுமான காலம் ஆனால் பழைய எதிர்வினை திரும்பிவிடும். விலாங்கும் கடல் முயலும் தூரத்து உறவுகூட இல்லை, உள்ளே நரம்புகளின் ஏற்பாடு வேறு. வெளியே தெரியும் விதி மட்டும் ஒன்றாக இருக்கிறது.

மறுபடி சுமிதா தொட்டிக்கு

இப்போது அந்த 300 விலாங்குகளின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். சுமிதா காட்சியகம் 2012இல் திறந்தது. 634 மீட்டர் உயரமுள்ள ஸ்கைட்ரீ கோபுரத்தின் அடிவாரக் கட்டடத்தில், 5, 6ஆம் மாடிகளில் இருக்கிறது. கடலிலிருந்து குழாய் போட்டு நீர் எடுப்பது இல்லை, கடல்நீரை அங்கேயே தயாரிக்கிறார்கள். அந்த நீரில், அந்த மாடி மணலில் வாழும் மீனுக்கு ஆள்நடமாட்டம் என்பது அலை போல, நீரோட்டம் போல ஓயாமல் இருந்த ஒன்று. பெரிய உருவம் வரும், நிற்கும், கை ஆட்டும், போகும். ஒன்றும் ஆகாது. ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை இந்தப் பாடம் நடந்தது.

மார்ச் மாதம் பாடம் நின்றது. உணவு போடும் ஊழியர்கள் மட்டும் வந்தார்கள். இரண்டு மாதத்தில் ‘பெரிய உருவம் ஒன்றும் செய்யாது’ என்ற நினைவு மங்கிப்போனது. நினைவு போன இடத்தில் மீன் பிறவியிலேயே கொண்டுவந்த விதி மிஞ்சியது: பெரிதாக எது அசைந்தாலும் உள்ளே போ. பயம் புதிதாக முளைக்கவில்லை. அது எப்போதும் அடியில் இருந்தது, அதன் மேல் கற்றுக்கொண்ட அமைதி ஒரு மெல்லிய பூச்சாக இருந்தது, பூச்சு உதிர்ந்தது. ஆகவே அந்த மீன்கள் மனிதர்களுக்காக ஏங்கின என்பது தவறான வாசிப்பு. அவை ஆட்களைப் பார்த்துப் பயப்படாமல் இருந்த நாட்களிலும் அது அன்பு இல்லை, நம்பிக்கைகூட இல்லை. நாம் அவற்றுக்கு அக்கறைப்படத் தேவையில்லாத ஒன்றாக இருந்தோம். ஒரு காட்டுயிர் நமக்குக் கொடுக்கக்கூடிய பெரிய சலுகை அது என்றே நான் நினைக்கிறேன்.

இந்த மறதி மீனுக்கு ஒரு குறை என்றும் எண்ண வேண்டாம். கடலில் இரண்டு மாதமாகக் கண்ணில் படாத ஓர் உருவம் திரும்பி வந்தால், அது பழைய ஆள்தானா, புதுப் பகையா என்று மீனுக்கு எப்படித் தெரியும்? வீணாக ஒரு தடவை மறைந்தால் நஷ்டம் நாலைந்து கோப்பிபாடு. மறைய வேண்டிய நேரத்தில் மறையாவிட்டால் அடுத்த கணக்குக்கே மீன் இருக்காது. நீண்ட இடைவெளிக்குப் பிறகு பயத்துக்குத் திரும்புவதுதான் பத்திரமான வழி.

வீடியோ கால் யோசனையும் இந்தக் கோணத்தில் பார்த்தால் அர்த்தமாகிறது. நின்றுபோன பாடத்தை மறுபடி நடத்த ஆள் தேவை, ஆட்கள் வர முடியாது, ஆகவே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அசையும் முகங்களைத் திரையில் வைத்தார்கள். சத்தம் வேண்டாம் என்று கேட்டதும் காரணத்தோடுதான். பழகிப்போதல் மிதமான தூண்டலுக்குத்தான் நன்றாக வரும். மிகவும் கடுமையான தூண்டல் எதிர் விளைவைத் தரும், உயிர் இன்னும் அதிகமாக மிரளும், அந்த மிரட்சி மற்ற தூண்டல்களுக்கும் பரவும். நாய் துரத்திய தெருவில் அடுத்த நாள் பூனையைக் கண்டாலும் தூக்கிவாரிப் போடுமே, அதுபோல.

இதே சுமிதாவில் ஒவ்வொரு ஆண்டும் நவம்பர் 11 தோட்ட விலாங்கு நாளாகக் கொண்டாடப்படுகிறது. 11–11 என்று எண்களை எழுதிப் பாருங்கள், மணலில் நாலு விலாங்கு நிமிர்ந்து நிற்பது தெரியும்.

நீங்கள் பார்க்கப் போனால்

எந்த ஊர்க் காட்சியகமாக இருந்தாலும் தோட்ட விலாங்குத் தொட்டியைப் பலர் அரை நிமிடத்தில் கடந்துவிடுகிறார்கள். வந்ததும் குனிகிறார்கள், குழந்தை கண்ணாடியைத் தட்டுகிறது, எல்லாம் உள்ளே போய்விடுகிறது, ‘ஒன்றுமே இல்லையே’ என்று அடுத்த தொட்டிக்கு நகர்கிறார்கள். வருத்தமாக இருக்கும். கண்ணாடியைத் தட்ட வேண்டாம், ஃப்ளாஷ் வேண்டாம். வந்து நின்ற இடத்திலேயே நில்லுங்கள். உட்கார இடம் இருந்தால் இன்னும் நல்லது, உயரம் குறைந்தால் நிழலும் குறையும். குழந்தைகளிடம் ‘யார் முதலில் வெளியே வருகிறார் பார்ப்போம்’ என்று சொன்னால் அவர்கள் நம்மைவிடப் பொறுமையாக இருப்பார்கள்.

புள்ளித் தோட்ட விலாங்காக இருந்தால் உங்களுக்கு ஓர் அளவுகோலும் கிடைக்கும். பொடிப் புள்ளிகளுக்கு நடுவே அதன் உடம்பில் மூன்று பெரிய கரும்புள்ளிகள் உண்டு. முதலாவது தலைக்குச் சற்றுக் கீழே, செவுள் திறப்பை ஒட்டி. இரண்டாவது அதற்குக் கீழே சற்றுத் தள்ளி. மூன்றாவது இன்னும் கீழே, ஆசனவாயைச் சுற்றி. முதலில் இரண்டு கண்கள் மட்டும் மணலுக்கு மேலே வரும், நெடுநேரம் அப்படியே நின்று உங்களைப் பார்க்கும். பிறகு முதல் புள்ளி. தொட்டியின் பின்பக்கம் இருப்பவை அதற்குள் நிமிர்ந்து ஆடத் தொடங்கியிருக்கும். உங்களுக்கு நேரே, கண்ணாடியை ஒட்டி இருப்பதுதான் கடைசியாக வரும். அதன் இரண்டாம் புள்ளி மணலைத் தாண்டி மேலே வந்து, தலை உங்களை விட்டு நீரோட்டத்தின் பக்கம் திரும்பி, முதல் இரையைக் கொத்தினால், அதன் கணக்கில் நீங்கள் பயப்பட வேண்டாதவர் ஆகிவிட்டீர்கள். மூன்றாம் புள்ளி எளிதில் கண்ணில் படாது. அதைப் பார்க்க வேண்டுமென்றால் இன்னும் கொஞ்ச நேரம் அசையாமல் இருக்க வேண்டும்.